எங்க பொழுது

போன வருஷம் தை மாசம் எனக்கு வந்த பதவி உயர்வை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். திருச்சியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் முப்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. உயர்வை ஏற்றுக்கொண்டால் வெளிமாநிலத்துக்கு மாற்றல். காலையில் ஒன்பதுக்குப் போனால் ராத்திரி எட்டுக்கு முன்னால் வீடு திரும்ப முடியாது. ஞாயிற்றுக்கிழமையும் போன் அடிக்கும். எனக்கு ஐம்பத்து நாலு வயசு. இனிமேலாவது கொஞ்சம் மெதுவாக இருந்து பார்ப்போமே என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம். உடம்பு சரியில்லை, வயசான அம்மாவைப் பார்த்துக்கணும் என்றெல்லாம் எழுதச் சொல்லி யோசனை சொன்னார்கள். அப்படி எழுதினால் எல்லோருக்கும் வசதி. நான் ‘சொந்த விருப்பம்’ என்று மட்டும் எழுதினேன்.

அந்த ரெண்டு வார்த்தைதான் யாருக்கும் செரிக்கவில்லை.

எங்கள் எஸ்.சி., எஸ்.டி. ஊழியர் சங்கத்தில் ஒரு அண்ணன் உண்டு. ரோஸ்டர் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரிகளிடம் வருஷக்கணக்கில் மல்லுக்கு நின்றவர். அவர் போட்ட மனுக்களை அடுக்கினால் ஒரு பீரோ நிறையும். அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். “ஏம்மா, இந்த எடத்துக்கு நம்ம ஆளு வரக்கூடாதுன்னு அவன் எத்தனை வேலை பாத்தான் தெரியுமா? சண்டை போட்டு வாங்கினா நீயே வேணாம்னு எழுதித் தரியே. அவன் சொல்ற மாதிரியே ஆயிடுச்சேம்மா, கொடுத்தாலும் இதுங்க வராதுங்கன்னு.”

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எனக்கு அடுத்து பட்டியலில் இருந்ததும் நம்ம பையன்தான், அந்த இடம் வெளியே போகவில்லை, அவன் சந்தோஷமாகப் போய்ச் சேர்ந்தும் விட்டான். அதைச் சொன்னேன். “அது வேற கணக்கு தங்கச்சி” என்றார். அவருடைய கணக்கு எனக்குப் புரிகிறது. அதில் நாம் ஒவ்வொருத்தரும் தனி ஆள் இல்லை, மொத்த சனத்துக்கும் சாட்சி. சாட்சிக்கு அலுப்பு வரலாமா?

அண்ணி சொன்னது வேறு. என் அண்ணன் மகன் இஞ்சினியரிங் மூணாவது வருஷம். ஃபீஸில் பாதி என் சம்பளத்திலிருந்துதான் போகிறது. உயர்வு வந்திருந்தால் முழுசாக நானே கட்டியிருப்பேன் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். “நம்ம வீட்டுல மொத மொத சம்பளம் வாங்குனவ, அவளுக்கே ஓய்வு கேக்குதாம்” என்று தெருவில் சொன்னதாகக் கேள்வி. அதற்குப் பிறகு அண்ணி என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. பாதி ஃபீஸ் மட்டும் இன்றைக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

மெதுவாக வாழ்வது இப்போது நாகரிகம் ஆகிவிட்டது. பெரிய பெரிய கம்பெனிகளில் ‘மைண்ட்ஃபுல்னஸ்’ என்று வகுப்பு எடுக்கிறார்கள். புத்தரிடமிருந்து வந்ததாம். பாலியில் அந்தக் கவனத்துக்குப் பேர் ‘சதி’. நம்ம ஊரில் சதி என்றால் வேறு அர்த்தம், அதுவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. 1986இல் ரோமில் மெக்டொனால்ட்ஸ் கடை திறந்ததை எதிர்த்துக் கிளம்பிய ஆட்கள் ‘ஸ்லோ ஃபுட்’ என்று ஒரு இயக்கமே நடத்தினார்கள். கார்லோ பெட்ரினி என்பவர் அதற்கு முன்னால் நின்றார். அதைப் பற்றிப் படித்தால் நல்ல விஷயமாகத்தான் தெரிகிறது. ஆனால் இங்கே வந்து சேரும்போது அது கைக்குத்தல் அரிசி, அம்மியில் அரைத்த துவையல், செக்கு எண்ணெய், திண்ணை, தாத்தா காலத்து நிதானம் என்று ஆகிவிடுகிறது. யாருடைய தாத்தா? அந்த அரிசியைக் குத்தினது யாருடைய கை? ஒருத்தர் திண்ணையில் சாய்ந்து நிதானமாக வெற்றிலை மடிக்க, இன்னொருத்தி வெயிலில் ஓட வேண்டியிருந்தது. அந்த ஓட்டத்தை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

எங்கள் தெரு கொள்ளிடக் கரையை ஒட்டி, ஸ்ரீரங்கம் தீவிலேயே இருந்தது. ரெண்டு ஆற்றுக்கு நடுவில் நெல்லும் வாழையுமாக இருந்த பூமி. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவள். அவள் வாயில் அடிக்கடி வரும் சொல் ‘வெரசா’. வெரசா எந்திரி, வெரசா தின்னு, வெரசா வா. சின்ன வயசில் அது அம்மாவுடைய சொல் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அது வரப்பு மேல் குடை பிடித்து நின்ற காரியக்காரருடைய சொல். பகல் முழுக்க காதில் வாங்கினதை ராத்திரி எங்களிடம் கொட்டியிருக்கிறாள்.

ஒன்று சொல்லுவாள். நடவில் பாட்டு இருக்கிறதே, அதை ஊர்க்காரர்கள் சந்தோஷத்தில் பாடுவதாக நினைத்துக்கொள்வார்கள். “சந்தோசமாவது. முன்னாடி பாடறவ பாட்டை இழுத்தா எல்லார் கையும் அந்த இழுப்புக்குத்தான் போவும். இடுப்பு விட்டுப் போற நேரம் பாத்து அவ இழுப்பா. மேல நிக்கிறவருக்குப் பாட்டுதான் கேக்கும், நாங்க மெதுவா நடறது தெரியாது.” இதை அம்மா சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு வரும். கிராமியப் பாடல்களைத் தொகுத்த பெரியவர்கள் மெட்டு எழுதினார்கள், ராகம் கண்டுபிடித்தார்கள். அந்த இழுப்பு எதற்கு என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று தெரியவில்லை.

நடவு இல்லாத நாளில் பூ எடுக்கப் போவாள். மல்லி, முல்லை எல்லாம் மொட்டாக இருக்கும்போதே பறிக்கணும். பொழுது ஏறி மொட்டு வெடித்துவிட்டால் விலை இல்லை. ராத்திரி ரெண்டரை, மூணு மணிக்கு எழுந்து இருட்டில் பறித்தால்தான் விடியும்போது ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூ மார்க்கெட்டுக்குக் கூடை போகும். எடைக்குத்தான் கூலி. மல்லி மொட்டு என்ன எடை இருக்கும்? கை ஓடினால்தான் காசு. அந்தப் பூ பெருமாளுக்கும் போகும், கல்யாணத்துக்கும் போகும், சாவுக்கும் போகும். அம்மா தலையில் பூ வைத்துப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

இப்போது அம்மாவுக்கு எண்பதை ஒட்டிய வயசு. என்னோடுதான் இருக்கிறாள். ஒரு வேலையும் செய்ய வேண்டாம் என்று எத்தனை தரம் சொன்னாலும் மூணு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவாள். சும்மா இருக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் சடாரென்று பக்கத்தில் கிடக்கும் முறத்தையோ துணியையோ எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். வருவது பேப்பர் போடுகிற பையன்தான். இருந்தாலும் கை தானாகப் போகிறது. சாப்பாடு அஞ்சு நிமிஷம். தூக்குவாளிக் கஞ்சியை வரப்பில் நின்றபடியே குடித்துவிட்டுத் திரும்ப இறங்கினவள் அவள். உட்கார்ந்து, மென்று, ருசி பார்த்துச் சாப்பிட அவளுக்குத் தெரியாது. நானும் அவளைப் பார்த்தே சாப்பிடப் பழகினவள். ஆபீஸில் என்னோடு சாப்பிடும் மேல்சாதித் தோழி ஒருத்தி, “ஏன் இப்படிப் பறக்கப் பறக்கச் சாப்பிடறே?” என்று சிரிப்பாள். அவளுக்கு அது ஒரு பழக்கம். எனக்கு அது ரெண்டு தலைமுறைக் கூலிக் கணக்கு.

அப்பாவுக்கு நேரம் வேறு மாதிரி வந்தது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கலாசியாகச் சேர்ந்தார். 1920களின் கடைசியில் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாற்றப்பட்ட ஒர்க்‌ஷாப் அது. திருச்சியில் பாதிப் பேருக்குக் கடிகாரமே அதன் சங்குதான். அப்பா விடிவதற்குள் சைக்கிளை எடுத்தால் காவேரிப் பாலம் தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்டு, காந்தி மார்க்கெட் வழியாகப் போய்ச் சேர்வார். அவரும் ஓடினவர்தான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சாயங்காலம் சங்கு ஊதிவிட்டால் அதற்குப் பிறகு அவர் பொழுது அவருடையது. எந்த ஆண்டையும் ஆள் அனுப்பிக் கூப்பிட முடியாது. அம்மாவுக்கு அப்படி ஒரு சங்கு கடைசி வரைக்கும் ஊதவில்லை.

அந்தச் சங்கு சும்மா ஊதவில்லை என்று அப்பா சொல்வார். 1946 செப்டம்பர் 5ஆம் தேதி பொன்மலையில் தொழிலாளர் மேல் மலபார் போலீஸ் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். அப்பா வேலைக்குச் சேர்ந்தது அதற்கு ரொம்பப் பின்னால். இருந்தும் செப்டம்பர் 5 வந்தால் சங்கத் திடலுக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவார். எங்கள் வீட்டுச் சுவரில் அம்பேத்கர் படம் மாட்டினதும் அவர்தான்.

அம்பேத்கரை நம்மவர்களே சட்டப் புத்தகத்தோடு நிறுத்திவிடுகிறோம். 1942 முதல் 1946 வரை அவர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த ஆலை வேலையை 48 மணியாகக் குறைத்த சட்டத் திருத்தம் 1946இல் வந்தது. அதைச் சட்டமன்றத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். வாரத்துக்கு ஆறு மணி நேரம். சின்னதாகத் தெரியலாம். வாழ்நாள் முழுக்கக் கூட்டிப் பாருங்கள், எத்தனை வருஷம் திரும்பக் கிடைத்தது என்று.

இன்னொன்றும் இருக்கிறது. காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டு 1945இல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் காந்தியத்தைப் பற்றிய அத்தியாயத்தை நான் பல தடவை படித்திருக்கிறேன். எந்திரத்தை விட்டுக் கிராமத்துக்கும் கை வேலைக்கும் திரும்பு என்கிற பேச்சை அவர் அங்கே உரிக்கிறார். மனுஷனுக்கு ஓய்வு வேணும், ஓய்வு இருந்தால்தான் மனசு வளரும், பண்பாடு வரும். அந்த ஓய்வை எல்லோருக்கும் கொடுக்க எந்திரத்தால்தான் முடியும் என்பது அவர் வாதம். எந்திரம் இல்லாத ஊரில் ஒருத்தன் ஓய்வாக இருக்கணும் என்றால் பத்துப் பேர் மாடாக உழைக்கணும். நான் இதை அம்மாவிடம் எளிமையாகச் சொன்னபோது, “அவருக்கு யார் சொன்னா, அவரு நாத்து நட்டாரா?” என்று கேட்டாள். பாராட்டாகத்தான்.

அதனால் என்னுடைய மெதுவான வாழ்க்கையில் அம்மி கிடையாது. மிக்ஸி இருக்கிறது, கேஸ் இருக்கிறது, துணி துவைக்கிற மெஷின் இருக்கிறது. மெஷின் ஓடுகிற ஒரு மணி நேரம் நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து படிக்கிறேன். அம்மிதான் ஆரோக்கியம் என்று சொல்ல வருகிறவர்களுக்கு அம்மாவின் தோள்பட்டையைக் காட்டுவேன். ராத்திரியில் அது வலித்து அவள் முனகுவதை அவர்கள் கேட்டதில்லை.

ஆனால் எந்திரம் வந்தால் ஓய்வு தானாக வந்துவிடும் என்று நம்புவதற்கும் இல்லை. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்திலேயே ஆலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கிற மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள், இடதுசாரிகள், விடுதலைச் சிறுத்தைகள் எல்லோரும் எதிர்த்து நின்ற பிறகு, ஏப்ரல் 24இல் நிறுத்தி வைத்தார்கள். மே 1 அன்று வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். அதே வருஷம் அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரம் எழுபது மணி நேரம் உழைக்கணும் என்றார். அவர் வீட்டில் சமையலுக்கும் துணிக்கும் யார் எத்தனை மணி நேரம் நிற்கிறார்கள் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. மார்க்சின் மருமகன் பால் லஃபார்க் 1880இலேயே சோம்பலுக்கு உரிமை கேட்டு எழுதினான். நம்ம சனத்துக்கு அந்தப் பட்டம் கேட்காமலே கிடைத்தது. நாலு நிமிஷம் மரத்தடியில் உட்கார்ந்தால் ‘சோம்பேறிப் பயலுக’.

இப்போது நான் இருப்பது மாம்பழச் சாலைப் பக்கம், வாடகை வீடு. கோயிலுக்குப் பக்கத்து வீதிகளில் முதலில் தேடினேன். ‘வெஜிடேரியன் மட்டும்’ என்பார்கள். சரி, சமைக்க மாட்டேன் என்றால் அடுத்து ‘நீங்க எந்த ஊரு, எந்தப் பக்கம்’ என்று வரும். அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியும். அதனால் வீடு அங்கே கிடைக்கவில்லை. ஆனால் தெரு பொது. சாயங்காலம் அஞ்சரைக்கு அலுவலகம் விட்டால் சத்திரம் வரைக்கும் பஸ், அங்கிருந்து நடை. சிந்தாமணி தாண்டிக் காவேரிப் பாலம். 1976இல் திறந்த பாலம், அப்பா சைக்கிள் மிதித்த அதே பாலம். நடுவில் நின்று தண்ணி எவ்வளவு போகிறது என்று பார்க்கிறேன். சித்திரை, வைகாசியில் வெறும் மணல், அதையும் பார்க்கிறேன். வீட்டுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு அம்மா மண்டபம் ரோட்டில் நேராக ராஜகோபுரம். 1987இல் கட்டி முடித்த அந்தப் பதிமூணு நிலைக் கோபுரம், எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் முடியாத மொட்டைக் கோபுரமாக நின்றது. உள்ளே போய் உத்திர வீதி, சித்திரை வீதி என்று சுற்றிக்கொண்டு திரும்புவேன். சாமி கும்பிட இல்லை. நடக்க.

அப்பா இந்த வீதிகளில் நடந்து நான் பார்த்திருக்கிறேன். நடை என்று சொல்ல முடியாது. தலையைக் குனிந்து, ஓரமாக, யாரோ துரத்துகிற மாதிரி. நான் பின்னாலேயே ஓடுவேன். “ஏம்ப்பா இப்படி ஓடற?” என்றால் வீதி முனை தாண்டுகிற வரைக்கும் பதில் வராது. சட்டம் எல்லாம் மாறி எத்தனையோ வருஷம் ஆன பிறகும் அவர் காலுக்கு அது தெரியவில்லை. அவர் அப்பா சொல்லிக் கொடுத்த வேகம் அது.

அதே வீதியில் பெருமாள் புறப்பாடு போகும்போது வேகம் எப்படி இருக்கும் தெரியுமா? ‘நடையழகு ஸ்ரீரங்கம்’ என்று பழமொழியே இருக்கிறது. சிங்க நடை, பாம்பு நடை என்று நடைக்கு நடை பேர். தூக்குகிறவர்கள் ஒரு அடி வைத்து, நிதானித்து, சாய்ந்து, மறுபடி ஒரு அடி வைப்பார்கள். ஒரு வீதியைக் கடக்க எத்தனை நேரம் ஆனாலும் ஒருத்தரும் முணுமுணுக்க மாட்டார்கள். கடவுளுக்கு அவசரம் இல்லை. அவர் நிலத்தில் நாற்று நட்டவளுக்குத்தான் அவசரம்.

இந்த ஊரில் மெதுவாகப் பார்க்கத் தெரிந்த நம்ம ஆள் ஒருத்தர் இருந்தார், திருப்பாணாழ்வார். உறையூர்க்காரர். பாணர் என்பதால் தீவில் கால் வைக்காமல் காவிரித் தென்கரையிலேயே நின்று பாடிக்கொண்டிருந்தார் என்கிறது வைணவர்கள் சொல்லும் கதை. வழி விடவில்லை என்று லோகசாரங்கர் கல் எறிந்தார். பிறகு பெருமாள் உத்தரவு என்று அதே முனிவர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். உள்ளே போனவர் பத்துப் பாட்டில் பெருமாளைக் காலில் தொடங்கி ஒவ்வொரு அங்கமாக மேலே பார்த்துக்கொண்டு போகிறார். என்ன நிதானம். பத்தாவது பாட்டு முடிந்ததும் ஆளைக் காணோம், பெருமாளோடு கலந்துவிட்டாராம். நந்தனார் நெருப்பில், இவர் திருவடியில். எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது வேறு. அவர் தன் காலால் நடந்து அந்த வீதியைப் பார்க்கவே இல்லை. தோளில் போனார், திரும்பி வரவில்லை.

நான் தெற்குச் சித்திரை வீதியில் என் காலால், ரொம்ப மெதுவாக நடக்கிறேன். தேர் நிற்கிற இடத்தில் நிற்கிறேன், கோலத்தைப் பார்க்கிறேன், காபி வாசனை வந்தால் மூச்சு இழுத்துக்கொள்கிறேன். முதல் ஒரு மாசம் கால் தானாக வேகம் பிடித்தது. அப்பாவுடைய கால் என் கால்தானே. வேகம் கூடுவது தெரிந்ததும் நின்றுவிடுவேன். ஒரு நாள் திண்ணையிலிருந்து ஒரு பெரியவர், “யாரைப் பாக்கணும்?” என்று கேட்டார். யாரையும் இல்லை, சும்மா நடக்கிறேன் என்றேன். “சும்மாவா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு அதே வேகத்தில் போனேன்.

சங்கத்து அண்ணனுக்கு நான் இதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். 48 மணி நேரத்துக்குச் சண்டை போட்டவர் படத்தை மாட்டி வைத்துக்கொண்டு என்னைப் பதினொரு மணி நேரம் வேலை செய்யச் சொல்கிறீர்களே அண்ணே என்றேன். அவருக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. “நீ நடக்கறதைப் பாத்தா எவனாவது சட்டத்தை மாத்தப் போறானா?” என்றார். மாற்ற மாட்டான். அதிகாரத்தில் நம்ம ஆள் உட்காரணும் என்று அவர் சொல்வது இன்றைக்கும் சரிதான். உட்காருகிற ஆள் நானாகத்தான் இருக்கணுமா என்பதில்தான் எங்களுக்குள் தகராறு. ஒரு டீயோடு அது முடியவில்லை.

உயர்வை மறுத்தால் ஒரு வருஷத்துக்குப் பேர் எடுக்க மாட்டார்கள் என்பது விதி. அந்த ஒரு வருஷம் முடியப் போகிறது. இந்தத் தையில் மறுபடி பட்டியல் வரும். அண்ணன் நேற்று ராத்திரி போன் செய்தார். “இந்தத் தடவை மதுரையாவே கேட்டுப் பாக்கறேன், வெளிமாநிலம் இல்ல, யோசிச்சு வை தங்கச்சி” என்றார். மதுரை என்றால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம். அண்ணன் மகனுக்குக் கடைசி வருஷ ஃபீஸ் ஆடியில் கட்டணும். அங்கேயும் ராத்திரி எட்டு மணிதானே அண்ணே என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்.